மடியில் ஒரு வாசல்

ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் சென்னைக் கடற்கரையில் காலை நடை போகிறவர்களுக்கு இது புதிய காட்சி அல்ல. அலை ஒதுங்கும் இடத்தில் ஒரு பெரிய ஆமை கிடக்கும். கழுத்து வீங்கி, கண் பிதுங்கியிருக்கும். ஓட்டில் கீறல்கூட இருக்காது. கூட வரும் பிள்ளை, "இது எப்படிச் செத்துச்சு?" என்று கேட்கும். "மூச்சு முட்டி" என்று சொன்னால் அடுத்த கேள்வி உடனே வந்து விழும்: "ஆமை தண்ணியிலதானே இருக்கு, அது எப்படி மூச்சு முட்டும்?"

பெரியவர்களுக்கும் இதே சந்தேகம் உண்டு, வெளியே கேட்பதில்லை, அவ்வளவுதான். அங்கிருந்தே தொடங்கலாம்.

மீனுக்குச் செவுள், ஆமைக்கு நுரையீரல். வாழ்நாள் முழுக்கக் கடலில் கழித்தாலும், ஆமை மேலே வந்து தலையை நீட்டிக் காற்றை இழுத்துக்கொண்டுதான் மறுபடி உள்ளே போக வேண்டும். திமிங்கிலம், டால்பின், பாக் நீரிணைப் பக்கம் ஆவுளியா என்று அழைக்கும் கடற்பசு எல்லாம் இப்படித்தான். அசையாமல் ஓய்வெடுக்கிற ஆமை மணிக்கணக்கில் மூச்சை அடக்கும். ஆனால் அதே ஆமை பயந்துபோய், துடித்து, தப்பிக்கப் பார்த்தால் உடம்பிலிருக்கும் பிராணவாயு மளமளவென்று தீர்ந்துவிடும். திண்ணையில் உட்கார்ந்திருக்கிறவரும் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவரும் ஒரே அளவா மூச்சு வாங்குகிறார்கள்? வலைக்குள் சிக்கிய ஆமை, ஓடிக்கொண்டே இருக்கிற ஆமை.

நம் கரைக்கு அதிகம் வருவது பங்குனி ஆமை. செய்திகளில் ஆலிவ் ரிட்லி என்று வருவது இதுதான். கடலாமைகளில் இது சிறிய வகை, வளர்ந்தது 35 முதல் 50 கிலோ வரை இருக்கும். தை மாதத்திலேயே முட்டையிடக் கரையேறத் தொடங்கிவிடும், பங்குனி தாண்டியும் சில நாள் வரும். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல் இடும். அதற்கு முன்னால் ஆணும் பெண்ணும் கரையோரக் கடலில்தான் கூடுகின்றன. ஒரு தடவை முட்டையிட்ட பெண் ஆமை அடுத்த தடவைக்காக அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

சிக்கல் என்னவென்றால், நல்ல விலை போகிற இறாலும் அதே கரையோரச் சேற்றில்தான் கிடக்கிறது.

மடி எப்படி வேலை செய்கிறது

இழுவை மடியை, அதாவது விசைப்படகு கடலடியில் இழுத்துப்போகும் வலையைப் பார்த்திராதவர்கள் ஒரு பெரிய புனலை நினைத்துக்கொள்ளுங்கள். வாய் அகலமாக இருக்கும், போகப் போகக் குறுகி, கடைசியில் ஒரு பையில் முடியும். வாயின் இரண்டு பக்கமும் கனமான பலகைகள். விசைப்படகு இழுக்கும்போது தண்ணீர் அந்தப் பலகைகளை வெளிப்பக்கம் தள்ளும், அதனால் வாய் மூடாமல் திறந்தே இருக்கும். மேல்கயிற்றில் மிதவை, கீழ்க்கயிற்றில் பாரம். மடி கடலடியை உரசிக்கொண்டே வரும்போது, சேற்றில் பதுங்கியிருக்கும் இறால் துள்ளி எழும்பி வாய்க்குள் போகும். உள்ளே போனதெல்லாம் பின்னால் தள்ளப்பட்டுப் பையில் சேரும்.

மடிக்கு இறால் எது, நண்டு எது, ஆமை எது என்று தெரியாது. எதிரே வருகிற ஆமை கொஞ்ச தூரம் முன்னால் நீந்திப் பார்க்கும். படகின் வேகம் மனிதர் வேகமாக நடக்கிற அளவுதான், ஆனால் படகுக்குக் களைப்பு கிடையாது. ஆமை களைத்ததும் வாய்க்குள் விழும். மேலே போகலாம் என்று பார்த்தால் தலைக்கு மேலும் வலை.

இனி எல்லாம் கடிகாரத்தின் கையில். மடியை இறக்கி, இழுத்து, தூக்குவதை ஒரு இழுப்பு என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான இழுப்புகளின் கணக்கை எடுத்துப் பார்த்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. ஒரு மணி நேரத்துக்குள் மடியைத் தூக்கிவிட்டால் அநேகமாக ஆமை எதுவும் சாவதில்லை. அதைத் தாண்டினால் சாவு சட்டென்று ஏறுகிறது. மூன்று மணி நேரத்துக்கு மேல் போனால் சிக்கியதில் ஏறக்குறைய பாதி செத்துப்போகின்றன. அப்படியானால் ஒரு மணிக்கு ஒரு தடவை தூக்கிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதும். ஆனால் ஒவ்வொரு தடவை தூக்கி இறக்குவதற்கும் நேரம், டீசல், ஆள் வேலை எல்லாம் போகிறது. நம் விசைப்படகுகளில் ஒரு இழுப்பு இரண்டு, மூன்று மணி நேரம் நீள்வது சாதாரணம்.

ஆமையைப் பிடிக்கவேண்டும் என்று யாரும் மடி இறக்குவதில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கடலாமை முதல் அட்டவணையில் இருக்கிறது, புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. அதை விற்கவும் முடியாது. வலையில் வந்த ஆமையைச் சாமி என்று கும்பிட்டு விடுகிறவர்களும் இருக்கிறார்கள். யாருக்கும் வேண்டாத, யாரும் லாபம் பார்க்காத ஒரு சாவு இது. தீர்ப்பதற்கு எளிதாக இருக்க வேண்டியது, ஏன் இவ்வளவு பாடு?

சொறி மீனால் வந்த யோசனை

தீர்வு கிடைத்த கதை சுவாரசியமானது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டேரியன் என்ற ஊரில் சிங்கி பூன் என்று ஒரு இறால் மீனவர் இருந்தார். அவருக்கு ஆமை பிரச்சினையே இல்லை. அவர் தொல்லை ஜெல்லி மீன், நம் கடற்கரையில் சொறி என்பார்களே, அது. பருவம் வந்தால் மடி நிறைய சொறிதான் வரும். எடை தாங்காமல் வலை கிழியும், இறாலைப் பொறுக்கி எடுப்பதற்குள் பொழுது போய்விடும். 1960-களின் இறுதியில் அவர் மடியின் குறுகலான பகுதியில் ஒரு கம்பிச் சட்டத்தைச் சாய்வாகப் பொருத்தினார். சொறி அதில் மோதி வெளியே போயிற்று, இறால் கம்பி இடுக்கு வழியே பைக்குள் போயிற்று. சொறியோடு ஆமையும் வெளியே போனது பிறகுதான் கவனத்துக்கு வந்தது.

அதுதான் இன்று ஆமை விலக்குக் கருவி, ஆங்கிலச் சுருக்கத்தில் டெட் (TED). வாய்க்கால் முகப்பில் செத்தை குப்பை உள்ளே போகாமல் சாய்வாகக் கம்பி வைத்திருப்பார்களே, அதே தத்துவம்தான். வட்டமாகவோ முட்டை வடிவத்திலோ ஒரு உலோகச் சட்டம், அதில் வரிசையாகக் கம்பிகள். இதை மடியின் கழுத்தில், பைக்குச் சற்று முன்னால் தைத்துவிடுவார்கள். நேராக நிறுத்தினால் வருகிறதெல்லாம் மோதி அடைத்துக்கொள்ளும். அதனால் 45 பாகையை ஒட்டிச் சாய்த்து வைப்பார்கள். சாய்வு முடிகிற இடத்தில் வலையில் ஒரு திறப்பு, அதன்மேல் ஒரு வலைத்துண்டு மூடிபோலக் கிடக்கும். இறாலும் சிறு மீனும் தண்ணீரோடு கம்பி இடுக்கில் புகுந்து பைக்குப் போகும். ஆமை கம்பியில் மோதி, சாய்வில் சறுக்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விடும். போனதும் தண்ணீரின் அழுத்தத்தில் மூடி தானாக மூடிக்கொள்ளும். மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை. சரியாகப் பொருத்தினால் உள்ளே வரும் ஆமைகளில் 97 விழுக்காடு தப்பிக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் வைத்திருக்கும் அளவுகோல்.

சரியாகப் பொருத்தினால் என்ற இடத்தில்தான் விஷயமே இருக்கிறது. சட்டம் அதிகம் நிமிர்ந்து நின்றால் ஆமை சறுக்காமல் கம்பியில் ஒட்டிக்கொள்ளும். அதிகம் படுத்துவிட்டால் இறாலும் திறப்பு வழியே போய்விடும். திறப்பு சின்னதாக இருந்தால் பங்குனி ஆமை போகும், ஏழுவரி ஆமை போகாது. ஏழுவரி ஆமை சில நூறு கிலோ எடை வரும். மூடியை ஒரு கயிற்றால் கட்டிவிட்டால், அதிகாரி பார்க்கும்போது டெட் இருக்கும், ஆமைக்கு வழி இருக்காது. துறைமுகத்தில் மாட்டிக் காட்டிவிட்டுக் கடலில் கழற்றுவதும் உண்டு. இது எந்த நாட்டிலும் நடக்கிற கதைதான்.

சொந்த வலையில் ஓட்டை

மீனவர் பக்கம் நின்று பார்க்காமல் இதைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் எண்ணம். விசைப்படகில் வேலை செய்கிறவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. பிடித்த மீனை விற்று, டீசல், ஐஸ் செலவைக் கழித்து, மிச்சத்தில்தான் பங்கு. அப்படிப்பட்டவரிடம் போய், "உங்கள் மடியில் ஓர் ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள்" என்கிறோம். தலைமுறை தலைமுறையாக ஓட்டையைத் தைத்துத் தைத்துப் பழகிய கை அது.

அமெரிக்க மீனவர்களும் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. 1987-இல் அங்கே டெட் கட்டாயம் என்று விதி வந்தது. 1989 ஜூலையில் இறால் படகுகள் கூட்டமாகப் போய் டெக்சாஸ் கடற்கரைத் துறைமுக வாய்களை அடைத்து நின்றன. லூசியானா மாநிலம் ஒரு படி மேலே போய், அந்த விதியை மாநில அதிகாரிகள் அமல்படுத்தக் கூடாது என்று தனிச் சட்டமே போட்டது. அது 2015 வரை இருந்தது.

இதில் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு, நம் ஊர் விவாதங்களில் இதை யாரும் சொல்வதில்லை. மெக்சிகோ வளைகுடாவில் இழுக்கிற படகுக்கு இறால் மட்டும் போதும். மற்றதெல்லாம் அவர்களுக்குக் குப்பை, ஆகவே பெரியதெல்லாம் வெளியே போனால் ஒரு வகையில் நிம்மதி. சென்னைக் காசிமேட்டு மடி அப்படியல்ல. இறாலும் வேண்டும், பெரிய திருக்கையும் வேண்டும், வஞ்சிரம் ஒன்றிரண்டு வந்தால் அன்றைக்கு அதிர்ஷ்டம். ஆமை போகிற வாசல் வழியே பெரிய திருக்கையும் போகத்தான் செய்யும். கம்பிக்கு ஆமை வேறு, திருக்கை வேறு என்று தெரியாது.

கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதை உணர்ந்துதான் நம் கடலுக்கென்று ஒரு டெட் வடிவமைத்தது. அமெரிக்க விதிப்படி கம்பிக்குக் கம்பி இடைவெளி 10 செ.மீ. கொச்சி வடிவமைப்பில் ஏறக்குறைய 14 செ.மீ. வைத்தார்கள், கொஞ்சம் பெரிய மீனும் பைக்குள் போகட்டும் என்று. அவர்கள் சோதனையில் இறால் இழப்பு 1 விழுக்காட்டுக்கும் குறைவு, மற்ற மீன்களில் 3 விழுக்காட்டை ஒட்டி. கேட்கச் சின்ன எண்தான். ஆனால் சராசரி என்பது காகிதத்தில் இருக்கும். படகில் இருப்பவர் நினைவில் நிற்பது, ஆளுயரத் திருக்கை கைக்கு வந்து நழுவிய அந்த ஒரு நாள். கம்பியில் பிளாஸ்டிக் பையும் கயிறும் வந்து அடைத்துக்கொண்டால் இழப்பு இன்னும் கூடும். நம் ஆற்று முகத்துவாரங்களிலிருந்து கடலுக்குப் போகிற குப்பையை நினைத்தால் இது வெறும் சாக்கு அல்ல என்று புரியும்.

இறாலும் உலக வணிக வழக்கும்

இந்தப் பகுதி சட்டம் சார்ந்தது, வேகமாகத் தாண்டிவிடலாம். தன் மீனவர்கள் டெட் போடும்போது மற்ற நாட்டு இறால் மட்டும் டெட் இல்லாமல் வந்து மலிவாக விற்பது நியாயமா என்று அமெரிக்காவில் கேள்வி எழுந்தது. 1989-இல் ஒரு சட்டப் பிரிவு வந்தது: ஆமையைக் காக்கும் ஏற்பாடு இல்லாத நாட்டிலிருந்து கடலில் பிடித்த இறாலை வாங்கமாட்டோம். முதலில் கரீபியப் பகுதி நாடுகளுக்கு மட்டும், 1996-லிருந்து எல்லா நாடுகளுக்கும். இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் உலக வணிக அமைப்பில் வழக்குப் போட்டன. 1998-இல் வந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பு இரு பக்கமும் வெட்டியது. ஆமையைக் காப்பது சரியான நோக்கம்தான், ஆனால் கரீபிய நாடுகளுக்கு மூன்று வருட அவகாசமும் தொழில்நுட்ப உதவியும் கொடுத்துவிட்டு ஆசிய நாடுகளுக்கு நான்கே மாதம் கொடுத்தது பாரபட்சம் என்றது. அமெரிக்கா நடைமுறையை மாற்றிக்கொண்டது, சட்டம் நின்றது.

2019 முதல் இந்தியக் கடலில் பிடித்த இறாலுக்கு அமெரிக்கச் சந்தை மூடப்பட்டது. அதற்குப் பிறகு கொச்சி நிறுவனம் அமெரிக்க அளவுக்கு ஒத்துவரும் புதிய டெட்டை வடிவமைத்து, அந்நாட்டு அதிகாரிகளோடு கடலில் சோதித்தும் பார்த்தது. ஆனால் இந்தத் தடையால் ஏற்றுமதி படுத்துவிடவில்லை. காரணம், இந்தியாவிலிருந்து அமெரிக்கா போகும் இறால் பெரும்பாலும் பண்ணைகளில் வளர்க்கும் வெனாமி. குளத்தில் ஆமை ஏது? தடையின் அடி விழுந்தது கடலில் இழுக்கிற படகின் மேல் மட்டும்தான். உடனே எல்லோரும் டெட் மாட்டவேண்டும் என்கிற அவசரம் மேலிடத்தில் வராததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

முட்டையா, வலையா

சென்னையில் ஆமை என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ராத்திரி நடை. 1970-களின் தொடக்கத்திலேயே சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்த இளைஞர்கள் கடற்கரையில் முட்டை தேடி நடந்தார்கள். 1988-லிருந்து மாணவர்கள் அமைத்த கடலாமைப் பாதுகாப்புக் குழு விடாமல் அதைச் செய்து வருகிறது. நாய் தோண்டாமல், ஆள் எடுக்காமல் முட்டைகளைப் பொரிப்பகத்தில் வைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். அந்தக் குஞ்சுகள் அலையைப் பார்த்து ஓடுவதைப் பார்த்தவர்கள் அப்புறம் ஆமைக்குக் கட்சி மாறிவிடுவார்கள்.

ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது, கொஞ்சம் கசப்பான கணக்கு. 1987-இல் டெபோரா கிரவுஸ், லாரி கிரவுடர், ஹால் காஸ்வெல் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் பெருந்தலை ஆமையின் வாழ்க்கையைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போட்டார்கள். முட்டை, குஞ்சு, இளம் ஆமை, வளர்ந்த ஆமை. எந்தக் கட்டத்தில் சாவைக் குறைத்தால் இனம் மீளும் என்பது கேள்வி. ஒரு முட்டைகூட வீணாகாமல் காப்பாற்றினாலும் இனம் தேய்ந்துகொண்டேதான் போகும், வளர்ந்த, வளரும் ஆமைகள் மடியில் சாவதைக் குறைத்தால்தான் மீளும் என்று விடை வந்தது. யோசித்தால் இது புரியாத விஷயமல்ல. குஞ்சுகளில் பெரும்பாலானவை எப்படியும் மீனுக்கும் பறவைக்கும் இரையாகிவிடும். முட்டையிடும் வயதை எட்ட பத்து வருடத்துக்கு மேல் ஆகும். அத்தனை கண்டங்களையும் தாண்டி முட்டையோடு கரைக்கு வருகிற ஒரு தாய் ஆமை மடியில் செத்தால், போவது அந்த ஒரு உயிரோடு முடிவதில்லை.

2025 ஜனவரியில் சென்னையிலும் அதை ஒட்டிய கடற்கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. கரை ஒதுங்கியது மட்டும்தான் நம் கண்ணில் படுகிறது. நீரோட்டம் வேறு பக்கம் இழுத்துப் போனதை யார் எண்ணுவது?

எங்கே, எப்போது

கருவியை மாற்றாமலும் ஒரு வழி உண்டு. ஆமை இருக்கும் இடத்தில், இருக்கும் காலத்தில் மடி இறக்காமல் இருப்பது. தமிழ்நாட்டில் கரையிலிருந்து 5 கடல் மைல், அதாவது 9 கிலோமீட்டருக்குச் சற்று மேல், நாட்டுப்படகுகளுக்கானது. விசைப்படகு அங்கே மீன் பிடிக்கக் கூடாது. கட்டுமரக்காரருக்கும் விசைப்படகுக்காரருக்கும் நடந்த மோதல்களை அடக்க வந்த 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி இது. சரியாக நடந்தால் ஆமைக்கும் இதுவே பாதுகாப்பு, ஏனென்றால் முட்டையிட வரும் ஆமைகள் சுற்றுவது பெரும்பாலும் இந்தக் கரையோரத்தில்தான். ஒடிசாவில் ஆயிரக்கணக்கில் கூட்டமாகக் கரையேறும் தாம்ரா, தேவி, ருஷிகுல்யா முகத்துவாரங்களை ஒட்டி நவம்பர் முதல் மே வரை 20 கிலோமீட்டர் வரை மீன்பிடிப்புக்கே தடை.

நம் பக்கம் 61 நாள் தடைக்காலம் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஆனால் அது மீன் இனப்பெருக்கத்துக்காகக் குறித்த காலம். ஆமை ஜனவரியிலிருந்து மார்ச் வரை செத்துக்கொண்டிருக்கும். படகுகள் கரையேறும் நேரத்தில் ஆமைகளின் பருவம் ஏறக்குறைய முடிந்துபோயிருக்கும்.

மடி மட்டுமே காரணம் என்று சொல்லிவிடவும் முடியாது. பெரிய கண் வைத்த திருக்கை வலையைக் கடலில் நிறுத்திவிட்டு மறுநாள் வந்து எடுப்பார்கள். அதில் ஆமையின் துடுப்பு மாட்டினால் முறுக்கிக்கொண்டு மேலே வர முடியாது. அப்புறம், அறுந்தும் தூக்கிப் போடப்பட்டும் அலைகிற வலைகள். நைலான் மக்காது. யாரும் இழுக்காமல், யாருக்கும் மீன் தராமல் அது பாட்டுக்குப் பிடித்துக்கொண்டே இருக்கும். மாலத்தீவில் பங்குனி ஆமை முட்டையிட வருவது மிகவும் அரிது, ஆனால் அங்கே அலையும் வலைகளில் சிக்கிக் கிடைப்பதில் அதிகம் பங்குனி ஆமைதான்.

அட்லாண்டிக்கின் மேற்குக் கரையில் இதே கதை திமிங்கிலத்துக்கு நடக்கிறது, அங்கே வில்லன் கயிறு. சிங்கி இறாலுக்கும் நண்டுக்கும் கடலடியில் கூண்டு வைப்பார்கள். கூண்டிலிருந்து மேலே மிதவை வரை செங்குத்தாக ஒரு கயிறு. அப்படி லட்சக்கணக்கான கயிறுகள் நிற்கிற கடலில் ரைட் திமிங்கிலம் வாயைத் திறந்துகொண்டு இரை தேடிப் போகிறது. கயிறு வாயிலோ துடுப்பிலோ சுற்றிக்கொண்டால் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டே நீந்தி, மெலிந்து சாகும். வட அட்லாண்டிக்கில் இந்த இனத்தில் மீதமிருப்பது 400-க்கும் குறைவு. அவற்றில் பத்துக்கு எட்டின் உடம்பில் ஒரு தடவையாவது கயிறு சுற்றிய தழும்பு உண்டு. அங்கே யோசனை இரண்டு விதமாகப் போகிறது. ஒன்று, 1,700 பவுண்டு, அதாவது 770 கிலோ இழுப்புக்கு அறுந்துவிடுகிற பலவீனக் கயிறு. கூண்டைத் தூக்க அது போதும், திமிங்கிலம் திமிறினால் அறுந்துவிடும். இன்னொன்று, கயிறே இல்லாமல் கூண்டை வைத்துவிட்டு, படகு ஒலி சமிக்ஞை அனுப்பினால் மிதவை தானாக மேலே வரும் ஏற்பாடு. இரண்டாவது நன்றாக வேலை செய்கிறது, விலைதான் சின்ன மீனவரால் தாங்க முடியாது. 2017 ஜூலையில் கனடாவில் ஜோ ஹவுலெட் என்ற சிங்கி இறால் மீனவர், ஒரு ரைட் திமிங்கிலத்தைக் கயிற்றிலிருந்து விடுவித்த அடுத்த நொடியில் அதே திமிங்கிலத்தின் அடி பட்டு இறந்துபோனார். திமிங்கிலங்களை விடுவிக்கும் குழுவை உருவாக்கியவர்களில் ஒருவர் அவர்.

அறுத்த வலைக்கு யார் காசு

எங்கு சுற்றினாலும் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறது. குஜராத் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. சௌராஷ்டிரக் கடலில் திமிங்கிலச் சுறா வலையில் சிக்கும். முன்பு அதை ஈரலெண்ணெய்க்காக வேட்டையாடியவர்கள் அந்தக் கரை மீனவர்கள். 2001-இல் சட்டம் அதைத் தடுத்தது. ஆனால் நிலைமையை மாற்றியது 2004-இல் தொடங்கிய ஒரு பிரச்சாரம். கதாகாலட்சேபம் செய்யும் மொராரி பாபு, இந்தச் சுறா பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள், மகளை யாராவது கொல்வார்களா என்று கேட்டார். அந்த ஒப்புமை மீனவக் குடும்பங்களில் பற்றிக்கொண்டது. கூடவே இன்னொன்றும் நடந்தது. வலையை அறுத்துச் சுறாவை விட்டதைப் படம் பிடித்துக் காட்டினால், அறுந்த வலைக்கு வனத்துறை ஈடு கொடுத்தது. மகள் என்ற உணர்ச்சி மட்டும் இருந்திருந்தால் எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. காசு மட்டும் கொடுத்திருந்தாலும் அப்படியே.

பாக் விரிகுடாவில் ஆவுளியாவுக்கும் கிட்டத்தட்ட இதே வழி. 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. வலையில் சிக்கிய ஆவுளியாவை உயிரோடு விடும் மீனவர்களுக்கு வனத்துறை பரிசுத்தொகை தந்து, ஊரறியப் பாராட்டுகிறது. டெட் போட்டு மூன்று விழுக்காடு இழக்கிற காசிமேட்டுப் படகுக்கு மட்டும் ஏன் அப்படி எதுவும் யோசிக்கக் கூடாது? ஆமைக்கான செலவைக் கடலில் இருக்கும் ஆள் ஒருவரே ஏற்க வேண்டும் என்பது என்ன கணக்கு?

அதுவரை, டெட் இல்லாத மடியிலும் ஆமை வரத்தான் போகிறது. படகில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. படகில் யாராவது தெரிந்தவர் இருந்தால் சொல்லிவையுங்கள். மடியைத் தூக்கும்போது அசையாமல் கிடக்கிற ஆமை செத்துவிட்டது என்று அர்த்தமில்லை, பல நேரம் மயக்கம்தான். அப்படியே கடலில் எறிந்தால் அது மூச்சு எடுக்க முடியாமல் மூழ்கிச் சாகும். கண் ஓரத்தையோ வாலையோ மெல்லத் தொட்டுப் பாருங்கள், லேசாகச் சுருங்கினாலும் உயிர் இருக்கிறது. மல்லாக்கப் போட்டு நெஞ்சை அமுக்கக் கூடாது. குப்புறவே கிடத்தி, பின்பக்கத்தைக் கட்டையோ டயரோ வைத்து அரை அடியாவது உயர்த்துங்கள், நுரையீரலில் இருக்கும் தண்ணீர் வடியட்டும். நிழலில் வைத்து, ஈரத்துணி போர்த்துங்கள், மூக்கை மூடாமல். நான்கு மணி நேரம் ஆகலாம், ஒரு நாள்கூட ஆகலாம். தலையைத் தூக்கி அசைய ஆரம்பித்ததும், மடி தண்ணீரில் இல்லாத நேரம் பார்த்து, எஞ்சினை நியூட்ரலில் போட்டு, பின்பக்கமாக மெதுவாக இறக்கி விடுங்கள்.